புள்ளி ஊறாத தாள்

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைப் பள்ளியிலிருந்து பெரம்பூர் வீட்டுக்குத் தூக்கிவந்து திருத்திக்கொண்டிருந்தேன். மொத்தம் 42 நோட்டு. அதில் 41 பால்பாயிண்ட், ஒன்றே ஒன்று இங்க் பேனா. அந்த ஒன்றைத் திறந்ததும் மனசு சோர்ந்துபோனது. எழுத்தெல்லாம் வேர் விட்டிருந்தது. ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் மெல்லிய மயிரிழைபோல மை கிளை பிரிந்து ஓடியிருந்தது. கடுகளவு இருக்க வேண்டிய புள்ளி மிளகளவுக்கு ஊதிக் கிடந்தது. தாளின் பின்பக்கத்தில் எழுதவே இடமில்லை. முன்பக்கத்து மை அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

முந்தைய கட்டுரையைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் சிவப்பு மையில் 'கையெழுத்தில் கவனம் தேவை' என்று இருந்தது. அதற்கும் முந்தையதிலும் அதுவே. எழுதியது நான்தான்.

அதைவிட வருத்தமான விஷயம் மதிப்பெண். எழுத்துப் பிழைக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். இந்தப் பெண்ணின் கட்டுரையில் எட்டு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தேன். எல்லாமே றன்னகரம், டண்ணகரத் தகராறு. 'மணம்' வர வேண்டிய இடத்தில் 'மனம்', 'கண்ணி'க்குப் பதில் 'கன்னி', இப்படி. ஏதோ ஒரு சந்தேகத்தில் பையனின் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து ஒவ்வொரு வட்டமாக வைத்துப் பார்த்தேன். எட்டில் ஐந்து இடத்தில் அவள் மூன்று சுழி 'ண'தான் போட்டிருக்கிறாள். நடுச் சுழிக்குள் மை ஊறி அடைத்துக்கொண்டதால் என் கண்ணுக்கு இரண்டு சுழியாகத் தெரிந்திருக்கிறது. சரியாக எழுதிய பிள்ளைக்குத் தாள் செய்த பிழைக்காக மதிப்பெண் வெட்டியிருக்கிறேன்.

ஐந்தையும் அடித்துத் திருத்திச் சுருக்கொப்பமிட்டேன். ஆனால் அதோடு விட மனசு வரவில்லை.

திங்கட்கிழமை பேனாவைக் கொண்டுவரச் சொன்னேன். "எங்க தாத்தாது மிஸ். ஹார்பர்ல வேலை செஞ்சாரு. அவர்தான் குடுத்தாரு" என்றாள். கறுப்பு எபோனைட் பேனா. மூடியில் 'காமா' என்ற பெயர் தேய்ந்து பாதிதான் தெரிந்தது. பாரிமுனை ஜெம் அண்ட் கோ கடையின் சொந்தப் பேனா அது. உள்ளே டியூப் கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் நேராக உடம்புக்குள் மை ஊற்ற வேண்டும். என் பாடக்குறிப்பு நோட்டில் அதை வைத்து ஒரு வரி எழுதினேன். கோடு சுத்தமாக விழுந்தது. ஒரு கிளை இல்லை, ஒரு கசிவு இல்லை. நிப்பின் முனை அவள் தாத்தா பிடித்த சாய்வுக்குத் தக்கபடி கொஞ்சம் தேய்ந்திருந்தது. அந்தச் சாய்வைக் கண்டுபிடித்துவிட்டால் வெண்ணெயில் இறங்குவதுபோல் போகிறது. பேனாமேல் குற்றம் இல்லை. அவள் கைமேலும் இல்லை.

எனக்கு இதெல்லாம் முன்பே தோன்றியிருக்க வேண்டும். என் அப்பா பைண்டர். காகிதக் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் முப்பது வருஷம் கணக்குப் புத்தகங்களுக்குக் கட்டுப் போட்டவர். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அந்த வாடை அவர் சட்டையில் எப்போதும் இருக்கும். புதிதாக ஒரு தாள் கட்டு வந்தால் முதலில் ஒரு தாளை உருவி, மூலையைப் பிடித்து உதறிப் பார்ப்பார். நல்ல தாள் 'சலசல'வென்று சத்தம் போடும். அப்புறம் மூலையில் நாக்கு நுனியை வைப்பார். ஈரம் உடனே உள்ளே இறங்கிக் கறுத்தால், "இது குடிக்கும், பேனாவுக்கு ஆகாது" என்று தள்ளி வைத்துவிடுவார்.

அவர் சொன்ன அந்தக் குடிக்கிற விஷயம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். நிப்பின் நடுவில் இருக்கும் பிளவு ஒரு நுண்குழாய். நிப்புக்கு அடியில் 'நாக்கு' என்று சொல்லும் பட்டையிலிருந்து மையை அது முனைவரைக்கும் இழுத்துவந்து நிறுத்துகிறது. தாளும் அப்படித்தான், நாருக்கும் நாருக்கும் நடுவே ஆயிரக்கணக்கான சந்துகள், ஒவ்வொன்றும் ஒரு நுண்குழாய். முனை தாளைத் தொட்டதும் இரண்டுக்கும் ஓர் இழுபறி நடக்கிறது. தாளை அப்படியே விட்டால் அதுதான் ஜெயிக்கும், ஒற்றுத்தாள்போல எல்லா மையையும் உறிஞ்சிவிடும். அப்படி நடக்காமல் இருக்க ஆலையில் கூழிலேயே ஒரு மருந்து சேர்க்கிறார்கள். ஆங்கிலப் பெயர் சைஸிங். துணிக்குக் கஞ்சி போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் படிகாரமும் ரோசின் பிசினும். அதில் அமிலம் இருப்பதால்தான் பழைய புத்தகங்கள் பழுத்து, மடித்த இடத்தில் ஒடிகின்றன. இப்போது பெரும்பாலும் அமிலமில்லாத வேறு ரசாயனம். சில தாள்களுக்கு இதற்கு மேலே இன்னொரு கையாக, மேற்பரப்பில் ஸ்டார்ச் கஞ்சியும் பூசுவார்கள். அந்த மேல்பூச்சு இருக்கிறதா இல்லையா என்பதில்தான் இங்க் பேனாவின் தலையெழுத்து இருக்கிறது.

அப்பா எனக்கு நோட்டு வாங்கித் தந்ததே கிடையாது. வேலையில் மிஞ்சிய தாள்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுப்பார். 16 பக்கம் ஒரு ஃபாரம். ஒவ்வொரு ஃபாரமும் ஒவ்வொரு தாள். 1996-இல் அவர் தைத்த கடைசி நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பச்சைக் காலிகோ துணி, 14 ஃபாரம். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்க மூலையிலும் அவர் பென்சிலில் எழுதியிருப்பார்: 'கிரீம்வோ 58', 'மேப்லித்தோ 70', 'லெட்ஜர்', 'பாண்டு'. அந்த எண் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். எந்தப் பேனா கைக்கு வந்தாலும் அந்த நோட்டில் ஒவ்வொரு ஃபாரத்திலும் ஒரே ஒரு வரி எழுதிப் பார்ப்பது என் வழக்கம். இத்தனை வருஷத்தில் பாதிகூடத் தீரவில்லை.

அன்று இரவு அந்த நோட்டை எடுத்தேன். என் பரிசோதனை வரி எப்போதும் ஒன்றுதான்: 'ஞாயிற்றுக்கிழமை வெண்ணெய் காய்ச்சினாள்'. ஏழு புள்ளி, இரண்டு 'ண', ஒரு 'ழ', ஒரு 'ஞ'. தமிழுக்கு நிப்பையும் தாளையும் சோதிக்க இங்கிலீஷ் வாக்கியம் எழுதிப் பார்ப்பது உதவாது. இங்கிலீஷில் சுழிக்குள் சுழி இல்லை. புள்ளி என்று பார்த்தால் ஐ, ஜே தலையில் மட்டும்தான். அது ஊறினாலும் எழுத்து மாறாது. நமக்குப் புள்ளி போனால் 'க்' போய் 'க' ஆகிவிடும், அல்லது இரண்டும் சேர்ந்து ஒரு கறையாகிவிடும்.

மூன்று நிப். தாத்தாவின் காமா, மீடியம், மையைத் தாராளமாகவே விடும். என்னுடைய ஜெர்மன் லேமி, அதுவும் மீடியம். அப்புறம் அண்ணன் மகன் கொடுத்த ஜப்பானியப் பைலட், ஃபைன். பெயரில் எல்லாரும் ஃபைன், மீடியம் என்றுதான் போடுகிறார்கள். ஆனால் ஜப்பான்காரர்களின் ஃபைன் ஐரோப்பிய ஃபைனைவிட மெல்லியது. அவர்களும் சிறு கட்டத்துக்குள் நெருக்கமாகக் கோடுகள் வரும் எழுத்தை எழுதுகிறவர்கள் என்பதால் இருக்கலாம். மை மூன்றிலும் ஒன்றே, கேமல் ராயல் புளூ.

கிரீம்வோவில் ஆரம்பித்தேன். விலை குறைந்த பள்ளி நோட்டுகளில் பெரும்பாலும் வருவது இந்த ஜாதித் தாள்தான். மேல்பூச்சு இருக்காது. காமாவை வைத்து 'ஞா' போட்டதுமே ஓரங்கள் பூத்தன. 'ற்'றின் புள்ளிக்கு வந்ததும் பூதக்கண்ணாடியைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிப்பை மெதுவாக வைத்தேன். முதலில் ஓர் உருண்டை ஈரம், பளபளவென்று. கண் சிமிட்டும் நேரத்தில் அந்தப் பளபளப்பு மங்கியது, உள்ளே இறங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் ஓரத்திலிருந்து நீல இழைகள் கிளம்பின, நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாக. நான் நிப்பை எடுக்காதவரை மை வந்துகொண்டே இருந்தது. கோடு போடும்போது முனை நகர்ந்துகொண்டே இருப்பதால் ஓர் இடத்துக்குக் கிடைக்கும் மை கொஞ்சம்தான். புள்ளி வைக்கும்போது முனை நிற்கிறது. நிற்கிற நேரம் முழுக்கத் தாள் குடிக்கிறது. அந்தப் பெண்ணின் புள்ளிகள் ஏன் மிளகளவு ஆயின என்பது எனக்கு அப்போது கண்ணெதிரே தெரிந்தது. அவள் நிதானமாக, அழுத்தமாகப் புள்ளி வைக்கிற பிள்ளை. நாங்கள்தான் அப்படி வைக்கச் சொல்லிக் கொடுக்கிறோம்.

பைலட்டைப் போட்டால் அதே கிரீம்வோவில் 'ண'வின் மூன்று சுழியும் திறந்தே இருந்தன. ஆனால் அதில் வேறொரு தொல்லை. மெல்லிய முனை தாளைக் கீறி நாரைக் கிளப்பும்; ஒரு பக்கம் எழுதுவதற்குள் ஏதாவது ஒரு நார் பிளவில் சிக்கிக்கொள்ளும். கோடு திடீரென்று தடித்தால் மையைக் குறை சொல்லாமல் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, பழைய மிருதுவான பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால் வந்துவிடும். பிளேடு மட்டும் விடாதீர்கள். பிளவு விரிந்துவிட்டால் அந்த நிப் வாழ்நாள் முழுக்கக் கசியும். என் கல்லூரிக்காலப் பேனா ஒன்றை அப்படித்தான் இழந்தேன்.

மேப்லித்தோ 70-க்குப் போனதும் வேறு உலகம். இது ஆஃப்செட் அச்சுக்கான தாள், மேலே கஞ்சி பூசியது. காமாவின் தாராளம் இங்கே அழகாக மாறிவிட்டது. கோட்டின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல. 'ழ'வின் கீழ்க்கொக்கி முடியும் இடத்தில் மை கொஞ்சம் தேங்கி நிறம் அடர்ந்தது, மேலே வெளிர்ந்தது. ஏழு புள்ளியும் ஏழு கடுகு. லேமியும் அப்படியே. பைலட்டுக்கு மட்டும் இந்தத் தாள் கொஞ்சம் வழுக்கல், கோடு வற்றலாக விழுந்தது.

லெட்ஜர் தாள் அப்பாவுக்குப் பிடித்தது, எனக்கும். கணக்குப் புத்தகத்துக்காகச் செய்வது. வருஷக்கணக்கில் புரட்ட வேண்டும், தவறாக எழுதியதைச் சுரண்டித் திருத்தினாலும் அந்த இடம் பஞ்சாகக் கூடாது. அதனால் நல்ல இறுக்கம். நிப் மேலே போகும்போது மெல்லிய கிசுகிசுப்பு கேட்கும். குறை ஒன்றுதான்: மை காய நேரமாகும். பள்ளியில் நாங்கள் சாக்பீஸை உருட்டி ஈரத்தை ஒற்றுவோமே, அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். பாண்டு தாளும் கிட்டத்தட்ட இதே கதை. கல்யாணப் பத்திரிகைக்குப் போடும் ஆர்ட் பேப்பரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மை உட்காராது, விரல் பட்டால் இழுத்துக்கொண்டு வரும்.

நோட்டில் இல்லாத ஒன்றையும் எழுதிப் பார்த்தேன், பள்ளி ஆபீஸில் பிரிண்டருக்கு வைக்கும் டி.என்.பி.எல். (தமிழ்நாடு நியூஸ்பிரிண்ட் அண்ட் பேப்பர்ஸ்) காப்பியர் தாள். கரூர் பக்கம் காகிதபுரத்தில் தயாராவது. அரசு 1979-இல் தொடங்கிய நிறுவனம், 1984-இல் உற்பத்திக்கு வந்தது. மரத்துக்குப் பதில் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துக் காகிதம் செய்வதில் பெயர் வாங்கியது. சக்கையின் நார் குட்டையானது. அதனால் தாள் சீராக, மேடு பள்ளம் குறைவாக வரும் என்று அப்பா சொல்வார். பைலட் ஃபைனில் எனக்கு மிகவும் திருப்தி. காமாவில் மட்டும் புள்ளி லேசாகப் பூத்தது. பிரிண்டருக்குச் செய்த தாளிடம் இவ்வளவு கிடைப்பதே பெரிது.

ஜி.எஸ்.எம். கூடினால் தாள் நல்லது என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மை. தடிமன் கூடினால் பின்பக்கம் தெரிவது குறையும், அவ்வளவுதான். ஊறுவதும் ஊறாததும் பூச்சைப் பொறுத்தது. ஜப்பானின் டோமோயே ரிவர் தாளில் ஒரு வகை 52 ஜி.எஸ்.எம்.தான், நம் கிரீம்வோவைவிட மெலிசு, வெங்காயத் தோல்போல இருக்கும். அண்ணன் மகன் கொடுத்த பத்துத் தாளில் ஒன்றில் காமாவை ஓட்டினேன். ஒரு புள்ளிகூடப் பின்பக்கம் இறங்கவில்லை.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கு உண்டு, ஈரம். காகிதம் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கிரீம்வோ ஃபாரத்தில் ஒரு மே மாதம் எழுதிய வரியும் இருக்கிறது, தேதி போட்டிருக்கிறேன். அதே லேமி, அதே மை. அந்தப் புள்ளிகள் இப்போதைய புள்ளிகளைவிடத் தெளிவாக இருக்கின்றன. மழைக்காலத்தில் இந்தக் கடற்கரை ஊரில் தாள் தொட்டாலே நமத்துப்போய் இருக்கிறது. உதறினால் சத்தமே வருவதில்லை. நோட்டை ஜன்னல் ஓரமாக வைக்காமல் பீரோவுக்குள் வையுங்கள், எழுதும் முன் கொஞ்ச நேரம் ஃபேனடியில் விரித்து வையுங்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன், வித்தியாசம் தெரிகிறது. நேராக மை ஊற்றும் பேனாவில் மை கால்வாசிக்குக் கீழே போனதும் நிரப்பிவிடுங்கள். உள்ளே காற்று அதிகமாகி, கைச்சூட்டில் அது விரிந்து மையைத் தள்ளும். சொட்டு விழுவது அப்படித்தான்.

இதை எழுதும்போது பெசன்ட் நகர் உ.வே.சா. நூல்நிலையத்தில் பார்த்த ஓலைச்சுவடி நினைவுக்கு வருகிறது. எழுத்தாணியால் கீறிய அந்த வரிகளில் எங்குமே புள்ளி இல்லை. இலக்கணம் மெய்க்குப் புள்ளி உண்டு என்று சொன்னாலும் சுவடி எழுதியவர்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். எது மெய், எது உயிர்மெய் என்று படிப்பவர் இடம் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும். காகிதமும் அச்சும் வந்த பிறகுதான் புள்ளி நமக்கு நிரந்தரமாகக் கிடைத்தது. கிடைத்ததை மறுபடியும் ஒரு மோசமான தாளில் தொலைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். அப்பாவின் பெயரைச் சொன்னதும் ஒரு கடைக்கார அண்ணன் அரை ரீம் மேப்லித்தோ 70-ஐ வெட்டியே கொடுத்தார். "ரூல் போட்டது வேணுமாக்கா?" என்றார். வேண்டாம் என்றேன். கறுப்புக் கோடு போட்ட ஒரு தாளை அடியில் வைத்தால் 70 ஜி.எஸ்.எம்.மில் கோடு மங்கலாக மேலே தெரியும். எழுத அது போதும். அப்பாவிடம் வேலை பழகிய ஒருவர் இன்னும் அதே சந்தில் இருக்கிறார். நான்கு நோட்டாகத் தைத்துக் கொடுத்தார்.

ஒன்றை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். தேர்வில் பள்ளி கொடுக்கும் தாளில்தான் எழுத வேண்டும், அதை மாற்ற முடியாது. அதற்காக இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தேன். புள்ளியை வைக்காதே, கோழி கொத்துவதுபோலத் தொட்டுவிட்டு எடு. தாள் ரொம்பக் குடித்தால் நிப்பைக் கவிழ்த்துப் பிடித்து எழுது. மை குறைவாக வரும், கோடு மெலியும். கவிழ்த்தால் சில நிப் கீறும். அவள் தாத்தாவுடையது கீறவில்லை.

புதிய நோட்டின் முதல் பக்கத்தில் என் வரியையே எழுதிப் பார்க்கச் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுதி முடித்து, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினாள்.

"மிஸ், பின்னாடி ஒண்ணுமே தெரியல. இங்கயும் எழுதலாமா?"

எழுதச் சொன்னேன்.